பச்சை உடம்புக்காரியைத் தேடிப் போவது யார்?

பிள்ளை பெற்று வீடு திரும்பியவளைத் தமிழ்நாட்டில் ‘பச்சை உடம்புக்காரி’ என்பார்கள். உள்ளே புண் ஆறவில்லை, எலும்பும் நரம்பும் தளர்ந்திருக்கின்றன, குளிர்ந்த காற்றுகூட ஆகாது என்பதையெல்லாம் அந்த இரண்டு சொற்கள் சொல்லிவிடுகின்றன. மருத்துவமும் இதை வேறு மொழியில் சொல்கிறது. விரிந்த கருப்பை சுருங்கி, பிரசவத்தில் உண்டான புண்கள் ஆறி, உடல் பழைய நிலையை நெருங்க ஆறு வாரம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, பிரசவமான 42 நாளுக்குள் அதன் தொடர்பாக நேரும் சாவும் பேறுகால மரணமே. பிரசவ அறையில் நேர்வது மட்டுமே பேறுகால மரணம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆறு வாரம் கவனித்துக்கொள்ளப்பட வேண்டியவள் அவள் என்பதில் ஊர் வழக்குக்கும் மருத்துவ நூலுக்கும் வேறுபாடு இல்லை. அந்த ஆறு வாரத்தில் அவளை மருத்துவக் கண்ணோடு பார்ப்பது யார் என்பதே கேள்வி. பிரசவத்தைப் பாதுகாப்பானதாக்குவதில் இந்தியாவின் முன்வரிசையில் நிற்கும் தமிழ்நாட்டிலும் இக்கேள்விக்குத் திடமான பதில் இல்லை.

மருத்துவமனைக்குள் வந்த பிரசவம்

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசு நிலையங்களில் நடப்பவை. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை 2001–03இல் 134ஆக இருந்தது. 2018–20இல் 54ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்திய சராசரி 301இலிருந்து 97ஆக இறங்கியது.

இந்தச் சாதனைக்குக் காரணங்கள் தெளிவானவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் முறை வைத்து 24 மணி நேரமும் பணியில் இருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. சிக்கலான பிரசவத்தைக் கவனிக்க, இரத்த வசதியும் அறுவை அரங்கும் கொண்ட சீமாங் மையங்கள் மாவட்டந்தோறும் வந்தன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. இவற்றோடு பலரும் பேசாத இன்னொன்றும் உண்டு. 1990களின் நடுவிலிருந்தே தமிழ்நாடு ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் பதிவுசெய்து ஆராய்ந்து வந்தது. 2004இல் அரசாணை மூலம் அதைக் கட்டாயமாக்கியது. ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். வீட்டில் என்ன நடந்தது, எந்த வண்டி எவ்வளவு நேரம் கழித்து வந்தது, எந்த மருத்துவமனை எங்கே திருப்பி அனுப்பியது என்று விசாரிப்பார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் இறந்தவளின் உறவினருக்கும் பேச இடம் உண்டு. ஒவ்வொரு சாவையும் எண்ணிக் காரணம் கேட்டதும் சாவு குறைய உதவியது.

தணிக்கை தொடங்குவது சாவுக்குப் பிறகு. இறக்காமல், நோயோடு வாழும் தாய் எந்தத் தணிக்கையிலும் வருவதில்லை. தையல் பிரிந்து சீழ் பிடித்தவள், சிரித்தால் சிறுநீர் கசிபவள், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் ஆகிய மூவருமே அரசுக் கணக்கில் ‘சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்’ என்ற வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

குடும்பநல ஆய்வின் முக்கிய அட்டவணையிலும் இதே நிலைதான். பிரசவமான இரண்டு நாளுக்குள் மருத்துவரோ செவிலியரோ தாயைப் பரிசோதித்தாரா என்று அது கேட்கிறது. தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ‘ஆம்’ என்கிறார்கள். அந்த இரண்டு நாளும் பெரும்பாலானோர் இருப்பது மருத்துவமனையில்தான் என்பதால் அந்தப் பதிலில் வியப்பில்லை. மூன்றாம் நாள் முதல் நாற்பத்திரண்டாம் நாள் வரை என்ன நடக்கிறது என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

அதிக இரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நேர்கிறது. அதற்கு மருத்துவமனை காவலாக இருக்கிறது. மற்ற ஆபத்துகள் அவள் வீட்டுக்குப் போன பிறகே தலைதூக்குகின்றன. பிரசவமான மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் இரத்த அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவது உண்டு. கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாதவளுக்கும் வரலாம், வலிப்பில் கொண்டுபோய் விடலாம். கருப்பையிலோ தையலிலோ கிருமி தொற்றினால் காய்ச்சல் காண்பது முதல் ஒன்றிரண்டு வாரங்களில். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து ஆறு வாரம் முழுவதும் இருக்கிறது.

வீட்டில் இந்த அறிகுறிகளுக்கு வேறு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. தலைவலித்தால் ‘ராத்தூக்கம் கெட்டுப்போச்சு’, காய்ச்சல் அடித்தால் ‘பால் கட்டிக்கிச்சு’, கால் வீங்கினால் ‘ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டா’. பத்தில் ஒன்பது முறை இந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். மிச்சமுள்ள ஒன்றைப் பிரித்தறிய ஒரு இரத்த அழுத்தக் கருவியும் ஒரு வெப்பமானியும் பயிற்சி பெற்ற ஒரு கண்ணும் வேண்டும். அவை மூன்றும் அந்த வீட்டில் இல்லை.

இன்று தமிழ்நாட்டுத் தாய்மாரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வயிற்றில் அறுவைக் காயத்தோடு வீடு திரும்புகிறார்கள். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம்; தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. நாடு முழுவதற்குமான சராசரி 21.5தான். குடல்வால் எடுத்தவரை மூன்று வாரம் படுக்கவைத்துப் பார்க்கும் குடும்பம், வயிற்றின் ஏழு அடுக்கை அறுத்துத் தைத்தவளிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் காயம் எப்படி ஆறுகிறது என்று பத்தாம் நாள் போய்ப் பார்க்க எந்தக் கட்டாயமான ஏற்பாடும் நடைமுறையில் உறுதிப்படவில்லை.

ஆறு வாரத்தோடு முடியாத துன்பங்களும் உண்டு. ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2023 டிசம்பரில் வெளியான ஆய்வு, ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பெண்கள் பிரசவத்தால் உண்டான நீண்டகால நோய்க்கு ஆளாகலாம் என்று மதிப்பிட்டது. தாம்பத்திய உறவின்போது வலி 35 சதவீதத்தினருக்கு, இடுப்புவலி 32 சதவீதத்தினருக்கு, மலத்தை அடக்க முடியாமை 19 சதவீதத்தினருக்கு. இவற்றில் எதையும் ஒரு தமிழ்ப் பெண் தன் மாமியாரிடமோ கணவரிடமோ எளிதில் சொல்லிவிட மாட்டாள். தாயிடம் சொன்னாலும் ‘எல்லாருக்கும் இருக்கிறதுதான்’ என்ற பதிலே கிடைக்கும். ஏனென்றால் அந்தத் தாய்க்கும் அது இருந்தது, அவளிடமும் யாரும் கேட்கவில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் இணையர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த மௌனத்தை முதன்முதலில் எண்ணிக்கையாக்கியது. பரிசோதிக்கப்பட்ட கிராமத்துப் பெண்களில் 92 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு பெண்ணுறுப்பு நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் செங்கல்பட்டை மையமாகக் கொண்டு தலித் பெண்களோடு இயங்கும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவத்தை 1990களின் இறுதியில் ஆய்வு செய்தது. கிராமத்தில் ‘அடி இறக்கம்’ என்று அடங்கிய குரலில் சொல்லப்படும் நோய் இது. அந்தப் பெண்கள் அதை ஆண்டுக்கணக்கில் சுமந்துகொண்டே வேலை செய்துவந்தார்கள். பிரசவத்துக்குப் பின் ஓய்வு எடுக்க வழியில்லாமல் கூலி வேலைக்கும் தண்ணீர்க் குடம் சுமக்கவும் திரும்பியவர்களின் கதை அது. முறைசார்ந்த பணியில் இருப்பவளுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 26 வார விடுப்பு தருகிறது. நாற்று நடுபவளுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் விடுப்பு தர யாரும் இல்லை. வீட்டு நிலைமை அனுமதிக்கும் வரைதான் அவளுக்கு ஓய்வு.

மனதின் பச்சைப் புண்

வேலூர் மாவட்டக் கிராமங்களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பிறகு வரை பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். பின்னர் 2017இல், இந்தியாவின் பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை, நாட்டில் 22 சதவீதத் தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருப்பதாக மதிப்பிட்டது.

வேலூர் ஆய்வில் எண்ணிக்கையைவிடக் காரணங்கள் நம்மை அதிகம் உறுத்துகின்றன: குறைந்த வருமானம்; மகன் வேண்டுமென்று இருந்த வீட்டில் மகள் பிறந்தது; மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள பிணக்கு; கைகொடுக்க ஆளில்லாமை. இந்த நான்கில் ஒன்றுகூடச் சுரப்பிகளோடு மட்டும் முடிகிற விஷயமில்லை. மருந்துச் சீட்டுக்கு முன்பு அவளுக்குத் தேவைப்பட்டது துணை. ஆனால் துணை இல்லை என்பதை யாராவது வந்து பார்த்தால்தானே தெரியும்? இந்த மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ வினாத்தாள் 1987 முதல் இருக்கிறது. பத்தே கேள்விகள், ஐந்து நிமிடம் போதும். நம் கிராமங்களில் ‘பிள்ளை பெத்தவளுக்கு அழுகை வரத்தான் செய்யும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அல்லது காற்று கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள்.

மருத்துவச்சி விட்டுப்போன இடம்

பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்து பாடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். மருத்துவச்சி பார்த்த பிரசவங்களில் தாய்மார் இறந்தார்கள். பிறந்த குழந்தைகள் இசிவு வந்து இறந்தன. அந்தக் காலம் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அவளுடைய வேலை தொப்புள்கொடி அறுப்பதோடு முடியவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள், தாய்க்கு வெந்நீர் ஊற்றி வயிற்றுத் துணி கட்டினாள், போக்கு எப்படி இருக்கிறது, பால் இறங்கிவிட்டதா என்று கேட்டாள். நாவிதர் சமூகத்தைச் சேர்ந்த அந்தப் பெண்களின் உழைப்பைச் சாதி இழிவாக நடத்தியது, கூலியும் சொற்பம். இருந்தாலும் பச்சை உடம்புக்காரியின் உடலைத் தொட்டுப் பார்க்க ஒருத்தி வீடு தேடி வந்தாள். பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது, பிரசவம் பார்க்கும் வேலையை மருத்துவர் எடுத்துக்கொண்டார். வீடு தேடி வரும் வேலையை யாரும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தியத்திலும் இரு முகம் உண்டு. பூண்டும் பால்சுறாவும் கருவாடும் தாய்க்கு நல்லதே. அடுப்படிக்கு வராதே என்று சொல்லும் தீட்டு, வேறு எந்தக் காலத்திலும் கிடைக்காத ஓய்வை அவளுக்குத் தந்தது. அதே தீட்டு, காய்ச்சல் வந்தாலும் அவளை வாசற்படி தாண்டவிடவில்லை. தண்ணீரைக் குறை, கீரை வேண்டாம், பழம் குளிர்ச்சி என்னும் கட்டுப்பாடுகள், 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருக்கும் மாநிலத்தில் தீங்கு செய்பவை.

இத்தகைய வழக்கங்களுக்குள் நிர்வாகச் சிக்கல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். கர்ப்பத்தைப் பதிவுசெய்து, கர்ப்பிணிகளுக்கான அரசுக் கணினிப் பதிவான ‘பிக்மி’யின் எண் வாங்கித் தந்தது புகுந்த ஊர் நர்சம்மா, அதாவது கிராம சுகாதாரச் செவிலியர். பிரசவம் வேறோர் ஊர் மருத்துவமனையில். அதற்குப் பின் மூன்று மாதமோ ஐந்து மாதமோ அவள் இருப்பது பிறந்த ஊரில். புகுந்த ஊர் நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. பிறந்த ஊர் நர்சம்மாவின் எல்லையில் ஆள் இருக்கிறாள், பெயர் இல்லை. முதல்முறை தாயானவள், எதுவும் பழக்கமில்லாதவள், மிக அதிகக் கவனிப்பு தேவைப்படுபவள், சரியாக அந்த ஆறு வாரத்தில்தான் இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே விழுந்துவிடுகிறாள்.

கண்ணெல்லாம் குழந்தை மேல்

அரசு அந்த வீட்டுக்கு வரவே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தையைத் தேடி வருகிறது. 2011இல் தொடங்கிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42ஆம் நாளுக்குள் ஆறுமுறை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. திட்டத்தின் பெயரிலேயே தாய் இல்லை. 2015இல் அரசு மருத்துவமனைகளில் தரத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். தாய்க்கென்று சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம் போன்ற சிலவே, மற்றவை குழந்தைக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகளை அரசு இணைத்திருப்பது குழந்தையின் தடுப்பூசியோடு. தாயின் பரிசோதனையோடு இணைக்கவில்லை.

தாயின் உடலை அரசு மறக்காமல் கேட்கும் இடம் குடும்பக்கட்டுப்பாடு. ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். பிரசவ அறையிலேயே காப்பர்-டி பற்றியும் பேசிவிடுகிறார்கள். அடுத்த கர்ப்பத்தைத் தடுப்பதில் காட்டும் இந்த அக்கறையில் ஒரு பங்கு, முடிந்த பிரசவத்தின் காயத்தின் மேலும் திரும்ப வேண்டும்.

குழந்தை பிறந்ததும் தாயின் மேலிருந்த கண் விலகிவிடுகிறது என்பதற்குக் கர்ப்பகால நீரிழிவு நல்ல உதாரணம். சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் தொடர்ந்த முயற்சியால், கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வதில் தமிழ்நாடு வழிகாட்டியாக நின்றது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்த அனுபவம் இன்று எந்தக் கர்ப்பிணிக்கும் புதிதல்ல. கர்ப்பகால நீரிழிவு வந்தவருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏழு மடங்கு என்று 2009இல் ‘லான்செட்’ வெளியிட்ட தொகுப்பாய்வு சொன்னது. ஆகவே பிரசவமான ஆறாம் வாரத்தில் மறுபடியும் அதே பரிசோதனை வேண்டும். கருவில் குழந்தை இருந்தவரை மாதாமாதம் குத்திய ஊசி, குழந்தை வெளியே வந்ததும் நின்றுபோகிறது.

கடல் கடந்தால் ஒரு பாடம்

இலங்கை இதை வேறு விதமாகச் செய்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவமாது என்ற முறை அங்கே வளர்ந்தது. கர்ப்பிணியைப் பதிவுசெய்யும் அதே மருத்துவமாது, பிரசவத்துக்குப் பின்னும் வீட்டுக்கு வருகிறார். முதல் பத்து நாளுக்குள் இருமுறையும், பின்னர் ஏறக்குறைய 42ஆம் நாள் வரை மேலும் இருமுறையும் வருவது விதி. அவர் பார்க்கும் பட்டியலில் தாயின் காய்ச்சல், போக்கு, தையல், மார்பு, மனநிலை எல்லாம் இருக்கின்றன. எடின்பரோ வினாத்தாளும் களப்பணியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மலையகத் தோட்டங்களிலும் போர் தின்ற வடகிழக்கிலும் இச்சேவை எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. ஆனாலும் கொள்கை தெளிவாக இருக்கிறது: பச்சை உடம்புக்காரி சேவையைத் தேடி வர மாட்டாள், சேவைதான் அவளைத் தேடிப் போக வேண்டும்.

எட்டுப் பேர்

இது நம்மால் முடியாத காரியமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமவெளிப் பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள் என்பது விதி. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 2020இல் ஆயிரத்துக்குச் சுமார் 14. அப்படியானால் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரின் எல்லையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 பிரசவங்கள். எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், அவருடைய எல்லையில் 42 நாளுக்குள் இருக்கும் பச்சை உடம்புக்காரிகள் சுமார் எட்டுப் பேர்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தபடி 48–72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, ஏழிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை என்று மூன்று தடவை பார்க்க, வாரத்துக்கு நான்கு வீடுகளுக்குப் போனால் போதும்.

வாரத்துக்கு நான்கு வீடு என்பது மலைக்க வைக்கும் வேலை இல்லை. ஆனால் நர்சம்மாவின் நாளைத் தின்பது பதிவேடுகளும் கணினிப் பதிவுகளும் பக்கத்து எல்லையின் காலிப் பணியிடமும்தான். அந்தச் சுமையைக் குறைக்காமல் இன்னொரு படிவத்தை அவர் தலையில் கட்டினால், படிவம் மட்டும் நிரம்பும். தாயைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீடு தேடிப் போவது இந்த அரசு இயந்திரத்துக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் கையில் இரத்த அழுத்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அவர் போகும் தெருவிலேயே பச்சை உடம்புக்காரியும் இருக்கிறாள். அந்த வீட்டுக்கும் ஒரு எட்டு வைக்கச் சொல்லி, ஆபத்து அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி கொடுத்தால் போதும்.

தாய்வீட்டுச் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது ‘இனி எந்த ஊரில் இருப்பாய்?’ என்று கேட்டு, அந்த ஊர்ச் செவிலியருக்குத் தகவல் போகச் செய்ய வேண்டும். பிக்மி மென்பொருள் அதற்கு ஏற்ற கருவி. மூன்றில் ஒரு பங்குப் பிரசவம் பார்க்கும் தனியார் மருத்துவமனைகளும் இந்தத் தகவலைத் தரக் கட்டுப்பட வேண்டும். பணம் கட்டிப் பெற்றவளானாலும் வீட்டுக்குப் போன பின் அவளும் பச்சை உடம்புக்காரிதான்.

இவற்றுக்கெல்லாம் ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாம் வாரம் முடிந்ததும் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறக்குறைய ஒவ்வொரு தாயும் அங்கே வந்து நிற்கிறாள். குழந்தையை எடை போடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பவளும் ஒரு நோயாளியாக இருக்கலாம். அவள் கையில் அழுத்தப் பட்டையைச் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். ‘உனக்கு எப்படிம்மா இருக்கு? தையல் ஆறிடுச்சா? சிறுநீர் கசியுதா? ராத்திரி அழுகை வருதா?’ என்று தனியாக அழைத்துக் கேட்க இன்னும் ஐந்து நிமிடம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்கு அன்றே ஒரு பரிசோதனை.

ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கேட்டு சாவைக் குறைத்த மாநிலம் இது. உயிரோடு இருப்பவளிடமும் நலம் விசாரிக்க அதனால் முடியும். வரும் புதன்கிழமையே அதைத் தொடங்கலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பச்சை உடம்புக்காரி இருந்தால், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன் அவளைப் பார்த்து அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள்.